ஒரே சிறுமி, இரண்டு அலமாரிகள்

பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி 1943 டிசம்பரில் பெற்றோரோடு ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுவரப்பட்டாள். அங்கே பிள்ளைகளுக்கென்று விடப்பட்டிருந்த 31-ஆம் எண் கொட்டகையில், வந்து இறங்கியவர்களின் மூட்டைகளிலிருந்து எப்படியோ தப்பிய பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள் இருந்தன. அவற்றை ஆசிரியர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும், திரும்ப வாங்கிப் பத்திரப்படுத்துவதும் அவளுக்குத் தரப்பட்ட வேலை. எச். ஜி. வெல்ஸ் எழுதிய உலக வரலாற்றுச் சுருக்கமும் அவற்றுள் ஒன்று.

அந்தச் சிறுமி பிழைத்தாள். டிட்டா கிராவுஸ் என்ற பெயரோடு இஸ்ரேலில் முதுமை வரை வாழ்ந்து, தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். அந்நூல் 2020-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதற்கு முன்பே, 2012-இல், ஸ்பானிய எழுத்தாளர் அந்தோனியோ இதுர்பே அவருடைய வாழ்வை அடித்தளமாக வைத்து ஒரு புதினம் எழுதியிருந்தார். பல நாட்டு இளையோர் அந்தப் புதினத்தின் வழியாகத்தான் அவரை அறிந்தார்கள். அதே கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, பின்னாளில் டிட்டாவை மணந்த ஓட்டோ கிராவுஸும் தாம் கண்டதைப் புதினமாகவே எழுதினார். இன்று ஒரு யூத நூலகத்துக்குள் நுழைந்தால் அந்தக் கொட்டகை நமக்கு இரண்டு இடங்களில் கிடைக்கும். தன்வரலாற்று அலமாரியில் ஒரு முறை; சில அடி தள்ளி, இளையோருக்கான வரலாற்றுப் புதின அலமாரியில் இன்னொரு முறை. சிறுமி ஒருத்தியே. அவள் நின்ற மண்ணும் ஒன்றே. புத்தகத்தின் முதுகில் ஒட்டிய சீட்டு மட்டும் வேறு.

அந்தச் சீட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். இரண்டு விரல் அகலம். அதில் மூன்று வரி. மேலே ஓர் எண்ணோ, புதினம் என்பதைக் காட்டும் எழுத்தோ. நடுவில் ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்து. கீழே சில நேரம் ஆண்டு. பெரியவர்களாகிய நாம் அதைப் புத்தகம் இருக்கும் இடத்தைச் சொல்லும் முகவரியாக மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறோம். பத்து வயதுக் குழந்தைக்கு அது முகவரி மட்டுமாக இருப்பதில்லை. இந்தப் புத்தகத்தை எப்படி நம்ப வேண்டும் என்று அவளுக்குச் சொல்லும் முதல் குரலும் அதுதான். இது நடந்தது என்கிறது ஓர் அலமாரி. இது நடந்ததைப் போல எழுதப்பட்டது என்கிறது மற்றொன்று. அவள் இன்னும் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை; அதற்குள் ஒரு வாக்குறுதி கொடுக்கப்பட்டுவிட்டது. கொடுத்தவர் நூலகர். வாக்கைக் காப்பாற்ற வேண்டியவரும் அவரே.

இந்த வாக்குறுதி எவ்வளவு கனமானது என்பது அது பிசகும் இடங்களில் தெரியும். 2006-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற ஜான் பாய்னின் புதினம் ஒன்று, வதைமுகாம் தளபதியின் மகனும் வேலிக்கு அப்பால் இருக்கும் யூதச் சிறுவனும் நண்பர்களாவதைச் சொல்கிறது. உலகெங்கும் பள்ளிகளில் அது வாசிக்கப்பட்டது. ஆனால் ஆஷ்விட்ஸ் நினைவகம் 2020 ஜனவரியில் ஒன்றை வெளிப்படையாகச் சொன்னது: அந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இந்தப் புத்தகத்தைத் தவிர்க்க வேண்டும். அந்த வயதுப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் வந்து இறங்கிய அன்றே கொல்லப்பட்ட இடம் அது. வேலியோரம் தினமும் உட்கார்ந்து பேசும் சிறுவனைக் கற்பனை செய்வது எழுத்தாளரின் உரிமையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கற்பனையை வரலாறாகவே எடுத்துக்கொள்ளும் குழந்தையின் கையில் அதை எதன் அருகில் வைத்துக் கொடுக்கிறோம் என்பது நம் பொறுப்பு.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. ஜூடித் கெர் 1971-இல் எழுதிய நூலில் அன்னா என்ற சிறுமி தன் பொம்மை முயலைப் பெர்லினில் விட்டுவிட்டு, 1933-இல் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறுகிறாள். அன்னாவின் வழித்தடம் கெரின் வழித்தடமே. நாடகத் திறனாய்வாளரான அவருடைய தந்தை நாஜிகளுக்கு வேண்டாதவர். குடும்பம் தப்பியோடிய ஆண்டும் அதுவே. பெயரை மாற்றி, உரையாடல்களை நினைவிலிருந்து கட்டி எழுப்பியதால் அது புதினம். எஸ்தர் ஹவுட்சிக் வில்னாவிலிருந்து 1941-இல் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்ட தன் குழந்தைப் பருவத்தை எழுதியது தன்வரலாறு. ஆனாலும் கதையைப் போல ஓடுவதாலேயே அது புதினங்களுக்கு நடுவில் அடிக்கடி போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதில் என்ன கெட்டுவிடும் என்று நாம் கேட்கலாம். நாஜிகள் செய்த யூதப் படுகொலை நடக்கவே இல்லை என்று வாதிடும் குரல்கள் இன்னும் ஓயாத உலகில், நடந்ததைச் சொன்ன ஒருவரின் சாட்சியத்தின் முதுகில் புதினம் என்று எழுதி ஒட்டுவது சின்னக் கைப்பிழையாக நின்றுவிடுவதில்லை. சாட்சி சொன்னவரைக் கதை சொன்னவர் ஆக்கிவிடுகிறோம். அவர் உயிரோடு திரும்பி வந்து சொன்ன சொல்லின் எடையில் ஒரு பங்கை, நமக்கே தெரியாமல், குறைத்துவிடுகிறோம்.

உண்மைக்கும் புனைவுக்கும் இடையே கோடு கிழித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். புனைவின் பக்கத்தில் அடுத்த கேள்வி காத்திருக்கிறது. இத்தனை புதினங்களையும் எந்த வரிசையில் நிறுத்துவது?

உலகின் பெரிய பகுப்பு முறைகள் இந்த இடத்தில் குழந்தைக்கு அவ்வளவாக உதவுவதில்லை. மெல்வில் டூயி 1876-இல் தந்த முறை புனைவை எழுதப்பட்ட மொழியாலும் எழுதியவரின் காலத்தாலும் பிரிக்கிறது. யூத சமயம் முழுவதையும் 296 என்ற ஒற்றை எண்ணுக்குள் அடக்கிய முறையும் அதுவே. ஒரு மக்களின் மூவாயிரம் ஆண்டு நூல்கள் அங்கே நெருக்கியடித்து நின்றன. அதனால்தான் பின்னாளில் யூத மறைஞான ஆய்வின் பேரறிஞராக விளங்கிய கெர்ஷோம் ஷோலெம் ஜெருசலேம் நூலகத்தில் பணியாற்றிய நாள்களில் டூயி முறையை யூத நூல்களுக்கு ஏற்ப விரித்து எழுதினார். அமெரிக்காவில் எலாசர் சகோதரர்கள் இருவர் 1968-இல் யூத நூலகங்களுக்கென்றே தனிப் பகுப்பு முறையை வெளியிட்டார்கள். தம்மைப் பற்றிய அறிவு தம் வீட்டிலேயே ஒரு மூலைக்கு ஒதுக்கப்பட்டிருப்பதை ஏற்காதவர்கள் செய்த வேலை அது.

நம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்து 1933-இல் கோலன் பகுப்பு முறையைத் தந்தவர் அவர். எந்தப் பொருளும் பல முகங்கள் கொண்டது, அவற்றுள் இடமும் காலமும் இரண்டு என்று கண்டவர். ஆனால் இலக்கியத்துக்கு வந்தபோது அவரும் மொழி, வடிவம், ஆசிரியர், படைப்பு என்றே வரிசை வகுத்தார். ஆசிரியரை அவர் பிறந்த ஆண்டால் குறித்தார். கதை நிகழும் காலத்துக்கு அந்த எண்ணில் இடமில்லை. எழுதியவர் யார் என்று கேட்பது அறிஞரின் கேள்வி. அதற்கு அது பொருத்தமான விடை. குழந்தையின் கேள்வி வேறு. இது யாரைப் பற்றி, அவள் எப்போது இருந்தாள், எனக்கு என்ன வயதோ அந்த வயதில் அவளுக்கு என்ன ஆயிற்று என்றுதான் குழந்தை கேட்கிறாள்.

ஆகவே சில யூத நூலகங்களில் வரலாற்றுப் புதினங்களை ஆசிரியர் பெயர் வரிசையிலிருந்து எடுத்து, கதை நிகழும் காலத்தின்படி நிறுத்திப் பார்க்கிறார்கள். அப்படி நிறுத்தியதும் கண்ணில் படும் முதல் காட்சி நம்மைச் சங்கடப்படுத்தும். 1242-இல் பாரிஸில் யூதச் சமயச் சட்ட நூலான தால்மூத்தின் சுவடிகள் வண்டி வண்டியாக எரிக்கப்பட்டதைச் சொல்லும் ஆடம் கிட்விட்ஸின் புதினம் ஒன்று நிற்கும். 1492-இல் ஸ்பெயினை விட்டுத் துரத்தப்பட்டவர்களின் கதைகள் ஒரு பிடி இருக்கும். 1654-இல் பிரேசிலிலிருந்து நியூ ஆம்ஸ்டர்டாம் வந்திறங்கிய 23 யூதர்களைச் சூழ்ந்து எழுதப்பட்ட கதைக்கு ஓர் ஓரம் கிடைக்கும். ரஷ்யாவிலிருந்து கப்பல் ஏறியவர்களுக்கு அரைத் தட்டு. பிறகு 1933-இலிருந்து 1945 வரையிலான பன்னிரண்டே ஆண்டுகள் வரும். அவை அலமாரியின் தட்டுகளை அடுத்தடுத்து நிரப்பிக்கொண்டே போகும்.

இது எழுத்தாளர்களின் குற்றமில்லை. அவ்வளவு பெரிய இழப்பைச் சொல்ல அவ்வளவு புத்தகங்கள் வேண்டியிருந்தன. ஆனால் அந்த அலமாரியின் முன்னால் நிற்கும் யூதச் சிறுமியை எண்ணிப் பார்ப்போம். யாரும் அவளிடம் வாய்திறந்து சொல்லவில்லை. தட்டுகளின் அகலமே சொல்லிவிடுகிறது: உன் மக்களின் வரலாறு என்பது பெரும்பாலும் அவர்கள் கொல்லப்பட்ட வரலாறு. இந்தப் பாடத்தை எந்த ஆசிரியரும் நடத்த ஒப்பமாட்டார். அலமாரி நடத்திவிடுகிறது.

இதனாலேயே அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைத் தனியாக எடுத்து வேறொரு சுவரில் வைப்போரும் உண்டு. அவர்கள் காரணம் எளிதில் தள்ளக்கூடியதில்லை. அந்தத் துயரத்துக்கு உரிய மரியாதையைத் தனியிடம் தருகிறது. எட்டு வயதுப் பிள்ளை தற்செயலாக எடுத்துவிடாமல் பெற்றோர் கூடவே இருந்து வழிகாட்டவும் உதவுகிறது. ஆயினும் என் மனம் அதற்கு முழுதாக இசையவில்லை. தனியே வைத்த துயரத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அது காலத்திலிருந்து பிடுங்கப்பட்டு, மனிதர் செய்ததாகத் தோன்றாமல் வானத்திலிருந்து விழுந்ததாகத் தோன்றத் தொடங்குகிறது. 1943-க்கு இடப்பக்கம் 1912 இருக்க வேண்டும். அங்கே சிட்னி டெய்லர் 1951-இல் எழுதிய ஐந்து சகோதரிகளின் கதை நிற்க வேண்டும். நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில், பழைய சாமான் கடைக்காரரின் வீட்டில், பிள்ளைகளுக்குத் தூசி தட்டும் வேலை கசக்காமல் இருக்க அம்மா முன்னறையில் ஆங்காங்கே பொத்தான்களை ஒளித்து வைக்கிறாள். நன்றாகத் துடைக்கிற பெண்ணுக்குப் பொத்தான்கள் அத்தனையும் கிடைக்கும். அந்தப் புத்தகத்தில் யாரும் கொல்லப்படுவதில்லை. நூலகப் புத்தகம் ஒன்று தொலைந்துபோவதுதான் அதன் முதல் துயரம். அமெரிக்க யூத நூலகச் சங்கம் 1968 முதல் சிறார் நூல்களுக்கு அளித்துவரும் விருது பின்னாளில் இந்த எழுத்தாளரின் பெயரையே ஏற்றது. அது சரியான தேர்வு என்றே எண்ணுகிறேன். அழிக்கப்பட்டது எது என்று தெரிய வேண்டுமானால், அழிவின் பக்கத்திலேயே அந்தப் பொத்தான்கள் இருந்தாக வேண்டும்.

காலத்தின்படி அடுக்கினாலும் எல்லாம் அடங்கிவிடுவதில்லை. ஜேன் யோலென் 1988-இல் எழுதிய புதினத்தில், ஹன்னா என்ற அமெரிக்க யூதச் சிறுமிக்கு, விடுதலைத் திருநாளான பாஸ்காவின் இரவு விருந்தில் பெரியவர்கள் பழையதையே பேசிக்கொண்டிருப்பது சலிப்பாக இருக்கிறது. எலியா தீர்க்கதரிசியை வரவேற்கக் கதவைத் திறக்கும்படி அவளை அனுப்புகிறார்கள். திறந்த கதவுக்கு அப்பால் 1942-இன் போலந்து இருக்கிறது. இந்தப் புத்தகத்தை எங்கே வைப்பது? அதில் மாயம் இருக்கிறது. ஆகவே மாயக் கதைகளோடா? முகாம் இருக்கிறது, ஆகவே 1942-இலா? நினைக்கச் சலித்த ஒரு பெண் நினைவுக்குள் இழுக்கப்படுவது அவளுடைய இன்றைய வீட்டில்தானே. ஆகவே இன்றைய கதைகளோடா? எண் ஒன்றைத்தான் எழுத முடியும். எதை எழுதினாலும் மற்ற இரண்டு விடைகள் சீட்டுக்கு வெளியே நிற்கும்.

இந்தத் திணறல் இன்று நேற்றுத் தோன்றியதில்லை. தமிழ் விவிலியத்தைப் புரட்டுகிறவர்கள் ரூத்தின் கதையை நியாயாதிபதிகளின் புத்தகத்துக்கு அடுத்தபடியாகக் காண்பார்கள். அவள் வாழ்ந்த காலம் அது என்பதால் அங்கே வைக்கப்பட்டது. எஸ்தர், நெகேமியாவுக்குப் பின் வருகிறாள். யூதர்களின் எபிரேய விவிலியத்தில் இவ்விரு கதைகளும் அந்த இடங்களில் இல்லை. மூன்றாம் பகுதியான எழுத்துகளில், ஐந்து சிறு சுருள்களின் தொகுதிக்குள் இருக்கின்றன. இன்று அச்சிடப்படும் பெரும்பாலான பதிப்புகளில் அந்த ஐந்தும் ஆண்டின் விழாக்கள் வரும் ஒழுங்கில் நிற்கின்றன. அறுவடைத் திருநாளான ஷவூவோத்தில் படிப்பது ரூத். எருசலேம் ஆலயம் இடிந்த நாளின் நோன்பில் புலம்பல். பூரிம் நாளில் எஸ்தர். ரூத் எப்போது வாழ்ந்தாள் என்பதை இந்த வரிசை கேட்கவில்லை. நாம் அவளை எப்போது நினைக்கிறோம் என்றே கேட்கிறது.

நிகழ்ந்த காலம் ஒன்று, நினைக்கும் காலம் ஒன்று. முன்னது நேர்கோடு, ஒருமுறை கடந்த புள்ளிக்கு அதில் திரும்ப வழியில்லை. பின்னது வட்டம், ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்துக்கு நம்மைக் கொண்டுவந்து நிறுத்துவது. வரலாறு முதல் ஒழுங்கால் உயிர் வாழ்கிறது, ஏனெனில் எதற்குப் பின் எது என்று தெரியாதவன் எதனால் எது என்பதையும் அறிய முடியாது. மரபு இரண்டாம் ஒழுங்கால் உயிர் வாழ்கிறது, ஏனெனில் திரும்பி வராத கடந்தகாலம் எவ்வளவு துல்லியமாகப் பதிவாகியிருந்தாலும் யாருடைய வாழ்விலும் புகுந்து எதையும் கேட்பதில்லை. குழந்தைகளுக்கான வரலாற்றுப் புதினம் என்ற வகை இந்த இரண்டு காலங்களும் வெட்டிக்கொள்ளும் முனையில் பிறப்பதால்தான், அதை எந்த ஓர் ஒழுங்கில் வைத்தாலும் மற்றதற்கு ஏதோ கடன்பட்டிருப்பதாக நூலகரின் கை ஒரு கணம் தயங்குகிறது. அந்தத் தயக்கம் தொழில் தெரியாமையால் வருவதன்று, கடந்தது கடந்துவிட்டதா அல்லது நம்மிடம் இன்னும் பேச வேண்டியிருக்கிறதா என்று மனித குலம் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி ஒரு சிறு காகிதச் சீட்டின் அளவுக்குச் சுருங்கி அவர் விரல்நுனியில் வந்து நிற்பதால் வருவது.

வயதைக் கொண்டு பிரிப்பதிலும் இதே நிலைதான். பாஸ்கா இரவின் கதைநூல் நான்கு விதமான பிள்ளைகளைச் சொல்கிறது: அறிவுள்ளவன், எதிர்த்துப் பேசுகிறவன், எளியவன், கேட்கவே தெரியாதவன். நான்கு பேருக்கும் சொல்லப்படுவது ஒரே விடுதலையின் கதை. விடை மட்டும் அவரவருக்கு ஏற்ப மாறுகிறது. கேட்கத் தெரியாதவனுக்குப் பெரியவர்களே தொடங்கிவைக்க வேண்டும். சிறார் பிரிவு, இளையோர் பிரிவு என்று நாம் இன்று ஒட்டும் வண்ணச் சீட்டுகளுக்குள் இந்தப் பழைய ஞானம் இருந்தால் நல்லது. லோயிஸ் லௌரி 1989-இல் எழுதிய கதையில், 1943-இன் கோபன்ஹேகனில், ஜெர்மானியச் சிப்பாய்கள் நள்ளிரவில் கதவைத் தட்டும்போது, ஒரு டேனிய வீடு யூதச் சிறுமியைத் தன் இறந்துபோன மூத்த மகளின் பெயரால் சொந்த மகளாகக் காட்டிக் காக்கிறது. அஞ்சும் வயதுப் பிள்ளைக்கு அந்த வீட்டின் வழியாக அந்த ஆண்டுகளுக்குள் நுழைய முடியும். 31-ஆம் கொட்டகை அவளுக்காகச் சில ஆண்டுகள் காத்திருக்கலாம். மறைப்பது வேறு, காத்திருக்க வைப்பது வேறு.

அலமாரி ஒருபோதும் முடிந்துபோன வேலையும் இல்லை. ஜூடி ப்ளூம் 1970-இல் மார்கரெட் என்ற பதினொரு வயதுப் பெண்ணைப் பற்றி எழுதியபோது அது அன்றைய கதை. இன்று அதே வயதுப் பெண்ணுக்கு அது பாட்டி காலத்துக் கதை. புத்தகம் நகரவில்லை, காலம் அதைத் தாண்டி நடந்துவிட்டது. எண்பது ஆண்டுகளுக்கு முன் முகாம்களிலிருந்து மீண்ட குழந்தைகள் தொண்ணூறை நெருங்குகிறார்கள், தாண்டுகிறார்கள். நான் அங்கே இருந்தேன் என்று வகுப்பறைக்கு வந்து சொல்ல இனி ஆளிருக்க மாட்டார்கள். அப்போது குழந்தைக்கும் அந்த நாள்களுக்கும் இடையே எஞ்சியிருப்பது அலமாரிதான். ஒரு வரி எழுதிய சீட்டைப் புதினத்தின் பின்னட்டையில் ஒட்டி, இந்தப் பெண் உண்மையில் வாழ்ந்தவர், அவரே எழுதிய நூல் அந்தப் பக்கம் இருக்கிறது என்று கைகாட்டும் நூலகரைப் பெரிதாக மதிக்கிறேன். இரண்டு அலமாரிகளுக்கும் நடுவே உள்ள அந்தச் சில அடிகளைக் குழந்தை தானே நடக்கிறாள், கதையிலிருந்து சாட்சியத்துக்கு.

வில்னா நகரில் யூதர்களை அடைத்து வைத்திருந்த சேரியில் 1941 செப்டம்பரில், வெளியே ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தபோதே, ஹெர்மன் குருக் என்பவர் ஸ்ட்ராஷுன் தெரு ஆறாம் எண் வீட்டில் இருந்த நூலகத்தைத் திறந்து நடத்தினார். 1942 டிசம்பரில், ஒரு லட்சமாவது புத்தகம் இரவல் கொடுக்கப்பட்டதை அந்தச் சேரி மக்கள் விழா எடுத்துக் கொண்டாடினார்கள். யார் எதைப் படிக்கிறார்கள் என்று குருக் கணக்கெடுத்து எழுதிவைத்தார். டால்ஸ்டாயின் போரும் அமைதியும் கேட்டு வாங்கப்பட்டது. ஆர்மீனியர்கள் மலை மேல் ஏறி நின்று அழிவை எதிர்த்ததைச் சொல்லும் ஃபிரான்ஸ் வெர்ஃபெலின் புதினம் கேட்டு வாங்கப்பட்டது. தங்களுக்கு நடந்துகொண்டிருப்பதற்கு இன்னும் பெயரே இல்லாத நாளில், வேறொரு மக்களின் வரலாற்றுப் புதினத்தைத் தேடி அவர்கள் அந்த அலமாரிக்கு வந்திருக்கிறார்கள். அது தேடியவர் கைக்குக் கிடைக்கும் இடத்தில் இருந்திருக்கிறது.

குருக் பின்பு எஸ்தோனியாவின் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கும் எழுதினார். 1944 செப்டம்பர் 17 அன்று, லாகேடி முகாமில், தம் குறிப்பேடுகளை மண்ணில் புதைத்தார். எங்கே வைக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக ஆறு பேரைச் சாட்சியாக அருகில் நிறுத்திக்கொண்டார். மறுநாள் அவரையும் அங்கிருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரையும் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் பிழைத்திருந்தார். அவர் திரும்பி வந்து, அந்த இடத்தைத் தோண்டினார்.